இருமுறை கழித்தவன்

சர்வர் அறைக்குள் ஓர் ஆள் நுழைந்தால் கணினியில் ஓடும் ஜாவா நிரல் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டும். வெளியேறினால் ஒன்றைக் கழிக்கும். எண்ணிக்கை பூஜ்யமானால் விளக்கும் காற்றும் நின்று, கதவு தானே பூட்டிக்கொள்ளும். நிரலை எழுதிய கோகுலன், ஒருவர் வெளியேறும்போது இரண்டு இடங்களில் கழித்திருந்ததைப் பார்த்து, அவனுடைய மேலாளர் ரெஜினா காலையிலேயே எல்லார் முன்னிலும் கத்தித் தீர்த்தாள்.

"ஒண்ணு விட்டுப்போனாலும் இன்னொண்ணு கழிச்சிடும்ல மேடம்? ஒரு சேஃப்டிக்குத்தான்."

"சேஃப்டியா? மொதல்ல அதைத் தூக்குடா!"

மாலையில் அவர்கள் இருவர் மட்டும் அறைக்குள் வேலையாக இருந்தார்கள். அவன் டீ குடிக்கக் கிளம்பினான். அவன் பின்னால் கதவு சாத்திக்கொண்டதும் இருட்டிவிட்டது. "தூக்கவே இல்லையா நீ!" என்று அலறியபடி அவள் இரு கைகளாலும் கதவை அறைந்தாள்.

வெளியே காவலாளியின் குரல் கேட்டது. "தம்பி, உள்ள யாரோ தட்டுறாங்க."

"ஸ்கிரீன்ல ஜீரோ காட்டுதுண்ணே," என்றான் கோகுலன் நிதானமாக. "உள்ள யாரும் இல்ல."