கிணற்றடி அந்தோனியார்

"கிணத்துப் பக்கம் போகாதீங்க சாமி, செத்த நேரம் பொறுங்க. அம்மா அங்க இருக்காங்க" என்று சொல்லி, தண்ணீர் குடிக்க எழுந்தவர்களை வேளாங்கண்ணி வழியிலேயே மறித்தாள்.

கொண்டப்பநாயக்கன்பட்டி மடத்து மருந்தகத்துக்கு வருகிறவர்களுக்கு இது பழகிப்போன சங்கதி. பிரான்சிலிருந்து வந்து இரண்டு வருஷமாக வைத்தியம் பார்க்கும் மார்கரீத் சிஸ்டருக்குக் கோபம் தலைக்கேறினால் நேரே கிணற்றடிக்குப் போய்விடுவார். அங்கே சுவர் மாடத்தில் புனித அந்தோனியார் சுரூபம் ஒன்று உண்டு. அவரைப் பார்த்து ஐந்து நிமிஷம் பிரெஞ்சு மொழியில் பொரிந்து தள்ளுவார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து ஊசியை எடுப்பார். சமையற்காரி வேளாங்கண்ணி அங்கேதான் பாத்திரம் துலக்குவாள். அவளைச் சிஸ்டர் ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை.

அந்தோனியார் லேசுப்பட்டவர் அல்ல. மூன்று மணிக்கே கூவித் தூக்கத்தைக் கெடுக்கிற பக்கத்துவீட்டுச் சேவலைப் பற்றிச் சிஸ்டர் ஒரு நாள் முறையிட்டார். அந்த வாரமே சேவல் சந்தைக்குப் போய்விட்டது. சித்திரை வெயிலில் ஊர் நினைப்பு வந்து, ஒரு வாய் கறுப்புக் காபிக்கு வழியில்லையே என்று அழுதார். இரண்டு நாளில் அதுவும் எப்படியோ மேஜைக்கு வந்தது. இந்தக் கண்காணாத தேசத்தில் தன் பேச்சைக் கேட்க அந்தோனியார் ஒருவராவது இருக்கிறாரே என்று சிஸ்டர் மனசார நம்பினார்.

ஆனால் இன்றைக்கு நடந்தது சேவல் விவகாரமா என்ன?

காலையில் குப்பாயி தன் ஆண் குழந்தையைத் தூக்கிவந்தாள். மார்ச்சளி. மூச்சு விடும்போதெல்லாம் விலா எலும்பு உள்ளே போய்வந்தது. மூன்று நாளாக மந்திரித்துப் பார்த்துவிட்டு வருகிறாள் என்று தெரிந்ததும் சிஸ்டருக்குப் பொறுக்கவில்லை. முந்தின வாரம் இதேபோல் தாமதமாக வந்த ஒரு குழந்தை அவர் கையிலேயே போயிருந்தது. அத்தனை பேர் முன்னாலும் கத்திவிட்டார்.

"நீ தாயா? பிள்ளையைக் கொல்லவா பெற்றாய்?"

குப்பாயி ரோசக்காரி. குழந்தையை முந்தானையில் சுற்றிக்கொண்டு விடுவிடுவென்று நடந்துவிட்டாள். சிஸ்டர் பின்னாலேயே ஓடினார். கூப்பிடக் கூப்பிட அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கிணற்றடியில் இன்றைக்குச் சிஸ்டர் அந்தோனியாரைத் திட்டவில்லை. கல்லில் உட்கார்ந்து விம்மினார். போனவள்மேல் தப்பில்லை, திட்டிய நான்தான் பாவி என்றார். இந்த ஊர் வெயிலும் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, இந்த ஜனங்களிடம் பேசவும் எனக்குத் தெரியவில்லை என்றார். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு பேரம் பேசினார்: அந்தப் பிள்ளை பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்தால் இங்கேயே இருப்பேன், வராவிட்டால் ஊர் போய்ச் சேருவேன்.

இரண்டு மணி ஆயிற்று. மூன்றும் ஆயிற்று. வாசலில் யாரும் வரவில்லை. பொழுது சாயும்வரை பொறுக்கச் சிஸ்டரால் முடியவில்லை. என்னைத் திரும்ப அழைத்துக்கொள்ளுங்கள் என்று பிரான்சிலிருக்கும் தலைமை மடத்துக்கு எழுதி, உறையை ஒட்டி, வேளாங்கண்ணியிடம் கொடுத்தார்.

"நான்கு மணி பஸ்ஸில் இது போக வேண்டும்" என்றார் தமிழில்.

"ஆகட்டுங்கம்மா" என்று வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு அவள் போனாள்.

ஏற்காட்டிலிருந்து இறங்கிய பஸ் சாலையில் நின்று கிளம்புகிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான், தலைக்கு மேல் வெள்ளம் போய்விட்டது. சிஸ்டர் மருந்துப் புட்டிகளை எடுத்த இடத்திலேயே திரும்பத் திரும்ப வைத்துக்கொண்டிருந்தார். வேளாங்கண்ணியைக் காணவில்லை.

ஐந்தரை மணிக்கு வாசலில் நிழல் தட்டியது. குப்பாயி நின்றாள். முந்தானைக்குள் குழந்தை இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

சிஸ்டர் குழந்தையை வாங்கிப் பெனிசிலின் ஊசி போட்டார். மார்பில் கை வைத்தபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். மூச்சு கொஞ்சம் நிதானப்பட்டது. குழந்தை கண்ணைத் திறந்து அவர் ஜெபமாலையைப் பிடித்து இழுத்தது. அந்தோனியார் கைவிடவில்லை, நான்தான் அவசரப்பட்டுக் கடிதத்தை அனுப்பிக் கெடுத்துக்கொண்டேன் என்று சிஸ்டர் தனக்குள் நொந்துகொண்டார்.

குப்பாயி மெதுவாகச் சொன்னாள்: "நான் இந்த வாசப்படி மிதிக்கறதில்லைன்னுதானுங்க இருந்தேன். ஆனா, போனவ மேல தப்பில்ல, திட்டுன நாந்தான் பாவின்னு நீங்க அழுதீங்களாமா. அதைக் கேட்டப்புறம் ஊட்டுல இருக்க முடியலீங்க."

சிஸ்டர் திடுக்கிட்டார். அதை அவர் அந்தோனியாரிடம் அல்லவா சொன்னார், அதுவும் பிரெஞ்சில்!

குப்பாயிக்குப் பின்னால் நின்ற வேளாங்கண்ணி இடுப்பிலிருந்து உறையை எடுத்து மேஜையில் வைத்தாள். பிறகு தடங்கலில்லாத பிரெஞ்சில் சொன்னாள்:

"எனக்குப் புரியும் என்று தெரிந்திருந்தால் நீங்கள் வாய்விட்டு அழுதிருக்க மாட்டீர்கள், அம்மா. சைகோனில் ஒரு பிரெஞ்சுத் துரை வீட்டில் பதினோரு வருஷம் சமையல் செய்தேன். தினமும் குழாயடியில் தமிழில் அழுவேன். அங்கே எனக்குக் கேட்க ஒருத்தரும் இல்லை."