செங்கல் நிறம்

கண்ணாடிக் குழாயில் மூத்திரம் சொட்டுவிட்ட நீலத் தண்ணீர் சூடேறியதும் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்துக்கு வந்து நின்றது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

இருபத்திரண்டு நாளாக இதே நிறம்.

வீட்டுக்கு வந்திருந்த டாக்டரம்மா ஜெயக்கொடி ஸ்பிரிட் விளக்கை அணைத்துவிட்டுக் கட்டிலைப் பார்த்தார். கட்டிலில் என் மகள் ஆரிபா எலும்பும் தோலுமாகக் கிடந்தாள். பன்னிரண்டு வயது.

“மூத்திரத்துல சர்க்கரை குறையவே இல்ல, பாய். இப்படியே போனா ஒரு வாரம் தாங்க மாட்டா.”

நான் கறிக்கடைக்காரன். ஆட்டின் வயிற்றைத் திறந்தால் இரைப்பைக்குப் பின்னால் வெளுத்த நாக்கு மாதிரி ஒரு சுரப்பி கிடக்கும். அதை யாரும் வாங்குவதில்லை. நாய்க்குத்தான் போடுவேன். மனுசனுக்கும் அது உண்டு, அதில் ஊறும் சாறு இல்லாவிட்டால் தின்ற சோறு உடம்பில் ஒட்டாமல் சர்க்கரையாக மூத்திரத்தில் போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோதுதான் எனக்கு அதன் மரியாதை தெரிந்தது.

என் பிள்ளைக்கு அந்தச் சுரப்பி நின்றுவிட்டது. மாட்டின் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றைச் சீமையில் சின்னப் புட்டியில் அடைத்து அனுப்புகிறார்கள். இன்சுலின் என்று பெயர். தினம் இரண்டு வேளை ஊசியில் ஏற்ற வேண்டும்.

ஆஸ்பத்திரியில் இருந்தவரை குழாய் நீலமாகவே நின்றது. பிள்ளை எழுந்து நடந்தாள், சிரித்தாள். வீட்டுக்கு வந்ததும் பழையபடி செங்கல்.

ஊசியை நானேதான் போடுகிறேன். ஒரு வேளை தவறியதில்லை. அப்படியானால் என்ன அர்த்தம்? பத்தியம் கெடுகிறது. யாரோ திருட்டுத்தனமாகத் தின்னக் கொடுக்கிறார்கள்.

வெல்லத்தைப் பூட்டினேன். பேரீச்சம்பழத்தைப் பூட்டினேன். தான் எதுவும் கொடுக்கவில்லை என்று என் மனைவி மரியம் பீவி அல்லாஹ் மேல் ஆணையிட்டுச் சொன்னாள். நான் நம்பவில்லை. பிள்ளை பசி என்று அழுதால் பெற்றவள் மனசு கேட்குமா? போன வாரம் அவளைக் கொட்டாம்பட்டிக்கு, அவள் தாய் வீட்டுக்கு, பஸ் ஏற்றிவிட்டேன்.

அதற்குப் பிறகும் செங்கல். முந்தாநாள் பிள்ளை மேல் கை நீட்டிவிட்டேன். அவள் அழக்கூட இல்லை. அது இன்னும் ஆத்திரமாக இருந்தது.

“அரிசியக்கூட பூட்டி வச்சிருக்கேன், டாக்டரம்மா! இன்னும் எங்கேருந்துதான் எடுத்துத் திங்கிறா?” என்று கத்தினேன்.

கட்டிலிலிருந்து மெல்லிய குரல் வந்தது.

“நாந்தான் திருடித் தின்னேன், அத்தா. அம்மா தரல. அம்மாவக் கூட்டிட்டு வாங்க.”

எனக்குக் கோபத்தோடு ஒரு நிம்மதியும் வந்தது. கேட்டீர்களா என்பதுபோல டாக்டரம்மாவைப் பார்த்தேன்.

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், “சாயங்கால ஊசிக்கு நேரமாச்சுல்ல? போடுங்க, பாக்குறேன்” என்றார்.

நன்றாகப் பார்க்கட்டும் என்று நினைத்தேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். அடுப்பைப் பற்றவைத்துச் சட்டியில் தண்ணீர் கொதித்ததும் ஊசியைப் போட்டேன். ஊசி மாட்டும் கண்ணாடிக் குழலைப் போட்டேன். மருந்துப் புட்டியையும் போட்டேன்.

டாக்டரம்மா எழுந்தே விட்டார்.

“புட்டிய எதுக்குப் போட்டீங்க?”

“பின்ன, பச்சையாவா ஏத்துறது? மாட்டுலருந்து எடுத்த சரக்குல்ல. ரெண்டு வேளையும் நல்லா வேக வச்சுத்தான் போடுறேன்.”

அவர் கரண்டியால் புட்டியை வெளியே எடுத்து, துணியில் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். உள்ளே மருந்து வெள்ளை வெள்ளையாகத் திரிந்து மிதந்தது. நான் அதைப் பார்த்துத்தான், நன்றாக வெந்துவிட்டது என்று தினமும் திருப்திப்பட்டுக்கொண்டிருந்தேன்.

“வெந்துட்டா இந்த மருந்து செத்துரும், பாய். இத்தனை நாளும் நீங்க போட்டது வெறும் தண்ணி.”

என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் திட்டவில்லை. பையிலிருந்து புதுப் புட்டியை எடுத்து, கொதித்த ஊசியை ஆறவிட்டு, மருந்தை ஏற்றி அவரே போட்டார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

டாக்டரம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஆரிபாவின் கையைப் பிடித்தார்.

“என்னத்தம்மா திருடித் தின்ன?”

ஆரிபா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் அடிப்பேனோ என்ற பயம் அந்தக் கண்ணில் இருந்தது.

சொல்லு என்று நான் தலையாட்டினேன்.

“ஒண்ணும் திங்கல” என்றாள்.