ஈர்க்குச்சி இல்லாத காது

பதுளை மனநல கிளினிக்கின் சன்னல் வழியே மழை வெளிச்சம் மேசைமேல் சாம்பலாகப் படிந்திருக்கிறது. தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த கமலேஸ்வரி, கொழுந்துக் கறை ஏறிய விரல்களை மடியில் போட்டபடி எதிரே உட்கார்ந்திருக்கிறாள். ஆலோசகர் ஷிப்னா, காலையிலிருந்து எல்லோரிடமும் கேட்டுக் கேட்டு மரத்துப்போன கேள்வியை இவளிடமும் கேட்கிறாள். “செத்துப்போயிரலாம்னு நெனப்பு வருதா?” “இல்லீங்க மிஸ். நான் போகட்டுங்களா? பஸ் போயிரும்.” எழுந்தவள் ஈரத் தலைமுடியை ஒதுக்கும்போது காது தெரிகிறது. தோடு இல்லை. தோட்டை அடகு வைத்தவர்கள், மீட்டு வரும்வரை துளை தூர்ந்துவிடாமல் ஈர்க்குச்சி செருகியிருப்பார்கள். இவள் காதில் அதுவும் இல்லை. “தோடு எங்க?” “தங்கச்சிக்குக் குடுத்துட்டேங்க.” “ஒரு ஈர்க்குச்சியாவது வச்சிருக்கலாமே?” “இனிமே எதுக்குங்க மிஸ்?” ஷிப்னா பேனாவை மூடி வைக்கிறாள். முதலில் கேட்ட கேள்வியையே, இப்போதுதான் முதன்முறையாகக் கேட்பவள்போல மெதுவாகக் கேட்கிறாள். தகரக்கூரையில் மழை வலுக்கிறது. “ஆமாங்க” என்கிறாள் கமலேஸ்வரி, இல்லை என்று சொன்ன அதே குரலில். வெளியே பஸ் உறுமிக்கொண்டு கிளம்புகிறது. ஷிப்னா தன் நாற்காலியைத் தூக்கி அவள் பக்கத்தில் போடுகிறாள்.