முதல் வாசகி

புனே சாங்வி பகுதியில் இருக்கும் தன் வீட்டில் உட்கார்ந்து சேஷு மூன்று வருடமாக எழுதிய நாவல் ஒருவழியாக முடிந்தது. கடைசிப் பக்கத்தில், ‘இந்த வீடு சிறைதான். ஆனால் கதவை யாரும் பூட்டவில்லை’ என்று சொல்லிவிட்டு, கதாநாயகன் மனைவியை விட்டுக் கிளம்புகிறான். புனேயிலேயே பிறந்து வளர்ந்த தன் மனைவி ரோஹிணிக்குத் தமிழ் படிக்க வராது என்கிற தைரியம் சேஷுவுக்கு.

மறுநாள் காலை வாசலில் ஒரு பெட்டி தயாராக இருந்தது.

“என்ன இது?”

“கடைசி அத்தியாயம். அவன் கிளம்பிடறானே!” என்றாள் ரோஹிணி.

சேஷுவுக்கு வியர்த்தது. “உனக்குத் தமிழ் படிக்க வராதே?”

“உங்க நாவலுக்காகவே கத்துக்கிட்டேன்.”

“ஐயோ, அது வெறும் கதைம்மா! உன்னை விட்டுட்டு நான் எங்க போவேன்?”

“தெரியும். நீங்க போகமாட்டீங்க.”

அப்பாடா என்று பெட்டியை உள்ளே எடுத்துப் போகக் குனிந்தான்.

“அதை வைங்க. உள்ள இருக்கறது என் புடவை. கதவு பூட்டலைன்னு உங்க நாவலைப் படிச்சப்புறம்தான் எனக்கே தெரிஞ்சது.”