ஆறு மணி மாத்திரை

இடது கையைத் தூக்கினார்.

இயந்திரம் உடனே நின்றது.

"வலிக்குதா சார்?"

பதில் சொல்ல வாய் இல்லை. நீல நிற ரப்பர் துணி உதடுகளை இழுத்துப் பிடித்திருந்தது. தலையை மட்டும் அசைத்தார். கண்ணோரத்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

கூச்சமாக இருந்தது. வலித்தால் இடது கையைத் தூக்கச் சொல்லித்தான் பல் டாக்டர் ஆரம்பித்தார். தூக்கக்கூடாது என்று இவர் நினைத்திருந்தார். நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிக்கொண்டு, தண்டால் எடுக்கும் பையன்களுக்கு எண்ணுவதுபோல மனதுக்குள் எண்ணினார். இருபது வரை போய்விடலாம்.

பதினான்கில் எண் தொலைந்துபோனது.

முப்பது வருஷம் விளையாட்டு வாத்தியார். முழங்கால் சிராய்த்துக் கிடந்தவனிடம், எந்திரிச்சு ஓடுடா, ஓடினா சரியாப்போயிரும் என்று சொன்னவர். பெரும்பாலும் சரியாகத்தான் போனது.

இந்தக் கடைவாய்ப் பல்லையும் அப்படித்தான் விட்டிருந்தார். ஏழு மாதமாகக் கிராம்பு. கன்னம் வீங்கி ஒரு கண் மூடிக்கொண்ட பிறகு மகள்தான் இழுத்து வந்தாள். கோமதி. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்.

"உள்ள சீழ் கோத்திருக்கு சார். அதான் மொத ஊசி சரியாப் பிடிக்கல. இன்னொண்ணு போட்டுருவோம்." டாக்டர் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே சொன்னார். சின்னப் பெண். "வலியப் பொறுத்துக்கிட்டுப் படுத்திருக்கணும்னு ஒண்ணுமில்ல."

ஊசி ஈறில் இறங்கியது.

கடுத்தது. கனத்தது.

பிறகு இல்லை.

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஒரு கை தூக்கியதற்கு.

அப்போதுதான் மனைவி சண்முகத்தாயின் கை நினைவுக்கு வந்தது.

பங்குனி. சாயங்காலம் நாலரை மணி. நடுவீட்டில் கட்டில் போட்டிருந்தது. புற்று எலும்புக்கு ஏறிவிட்டது, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வலி மாத்திரை அட்டை அவர் சட்டைப்பையில் இருந்தது. நாலு மணி நேரத்துக்கு ஒன்று. தாங்க முடியாவிட்டால் நடுவில் இன்னொன்று கொடுக்கலாம் என்றும் சொல்லியிருந்தார்கள்.

அந்த இன்னொன்றை அவர் ஒரு நாளும் கொடுத்ததில்லை. பழகிப்போகும் என்றார்.

"இனிமே பழகுனா என்னப்பா?" என்று கோமதி கேட்டாள்.

சண்முகத்தாய் வாயால் கேட்கவில்லை. பேச்சு நின்று இரண்டு நாள் ஆகியிருந்தது. கையை மட்டும் தூக்கினாள். மெத்தையிலிருந்து ஒரு சாண் உயரம். விரல்கள் அவர் சட்டைப்பையைப் பார்த்து விரிந்தன.

அவர் அந்தக் கையைப் பிடித்தார். பிரியமாகத்தான் பிடித்தார். மெல்லக் கீழே இறக்கி வைத்தார்.

"பொறுத்துக்க தாயி. ஆறு மணிக்குத் தர்றேன். இன்னும் ஒன்றரை மணி நேரந்தான."

மறுபடி தூக்கினாள்.

மறுபடி இறக்கினார்.

மூன்றாவது தடவை அவள் தூக்கவில்லை. வலி குறைந்துவிட்டது என்று நினைத்தார். கோமதி அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆறு மணிக்குக் கொடுத்தார். ஒரு நிமிஷம் முன்பின் இல்லாமல்.

நாலாம் நாள் சண்முகத்தாய் போய்விட்டாள். அட்டையில் ஒன்பது மாத்திரை மிச்சம் இருந்தது.

கோமதி அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. வேளாவேளைக்குச் சோறு வைத்தாள். துணி துவைத்துப் போட்டாள். அவரைப் பார்த்துப் பேசவேண்டியதைச் சுவரைப் பார்த்துப் பேசினாள்.

ஊசியளவு மெல்லிய அரத்தை டாக்டர் பல்லின் வேருக்குள் விட்டு இழுத்தார். உள்ளே எதையோ சுரண்டி எடுப்பது தெரிந்தது. வலி மட்டும் இல்லை.

வலித்தால் தேவலை என்று இருந்தது.

கண்ணீர் நிற்கவில்லை.

"இன்னும் வலிக்குதா சார்?"

இல்லை என்று தலையாட்டினார்.

டாக்டர் நம்பவில்லை. கையை எடுத்துவிட்டு, பஞ்சால் அவர் கண்ணோரத்தைத் துடைத்துவிட்டுக் காத்திருந்தார். அவசரமே இல்லாமல். அந்தக் காத்திருப்பைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. செய்யுங்கள் என்று கையை ஆட்டினார்.

வெளியே வந்தபோது கோமதி பெஞ்சிலிருந்து எழுந்தாள். செருப்பை எடுத்துப் போட்டாள். முன்னால் இறங்கினாள். குறுகலான மாடிப்படி. கீழே மருந்துக்கடை.

"கோமதி."

மரத்த உதடு மடங்கவில்லை. வேறு யாருடைய பெயரோபோல வந்தது. அவள் திரும்பினாள்.

"அன்னைக்கி, நீ சொன்னப்ப, மாத்திரைய..."

கடைவாயில் எச்சில் ஒழுகியது.

"மாத்திரையெல்லாம் கீழ வாங்கிக்கலாம்ப்பா. சீட்டு என்கிட்ட இருக்கு."

அது இல்லை என்று தலையாட்டினார்.

"ஒங்கம்மாவுக்கு."

அந்தச் சொல் மட்டும் தெளிவாக வந்துவிட்டது.

கைக்குட்டையை எடுத்து நீட்டினாள். படியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"மரப்பு போகட்டும்ப்பா. அப்புறம் சொல்லுங்க."

மரப்பு போய்விட்டால் சொல்லமாட்டோம் என்று அவருக்குத் தெரியும்.

கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு படியிலேயே உட்கார்ந்தார். மேலே போகிற ஒருவர் ஒதுங்கி ஏறினார். கைக்குட்டையால் தாடையைத் தாங்கிக்கொண்டு, கோணிய வாயால், ஒவ்வொரு எழுத்தாக மறுபடி ஆரம்பித்தார்.

கோமதி இரண்டு படி கீழே நின்றிருந்தாள்.

போகவில்லை.