உப்பள ரோட்டில் நின்றவள்

அதே இடம்.

வலது காலின் உள்பக்கம், கணுக்காலுக்குச் சற்று மேலே. ஊசி நுனியால் தொட்டது போல.

அவள் ஓடிக்கொண்டேதான் இருந்தாள். போட்டியில் பாதி தூரம் முடிந்ததைச் சொல்லும் பலகை அப்போதுதான் பின்னால் போயிருந்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் உப்பளம். வெயில் இன்னும் ஏறவில்லை. துறைமுகத்துப் பக்கமிருந்து வந்த காற்று முதுகைத் தள்ளிக் கொடுத்தது. மூச்சு சீராக இருந்தது.

அதுதான் கொடுமை. இன்றைக்குப் போல் அவள் என்றைக்குமே ஓடியதில்லை.

தசைப்பிடிப்பாக இருக்கும் என்று நினைத்தாள்.

போன தடவையும் அப்படித்தான் நினைத்தாள்.

போன தடவை இந்த ஊசி குத்த ஆரம்பித்தது போட்டிக்கு முன்பே. ஓட ஓடச் சரியாகிவிடும் என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு போட்டியையும் ஓடினாள். கழுத்தில் பதக்கம் விழுந்தபோது வலது காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை.

எலும்பில் விரிசல். முடி கனம்தான் என்றார் டாக்டர்.

அந்த முடி கனம் மாதக்கணக்கில் அவளைப் படுக்கவைத்தது. மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை அன்று, வெள்ளை உடுப்பில் பிள்ளை பீடத்தை நோக்கி நடந்தபோது, அவள் கோயில் வாசலோரம் சக்கர நாற்காலியில் இருந்தாள். முன்னால் நின்றவர்களின் முதுகுதான் தெரிந்தது.

பிள்ளை திரும்பித் திரும்பிப் பார்த்தாளாம். பிறகு சொன்னார்கள்.

கட்டுப் பிரித்த பின் ஓடவில்லை. நடந்தாள். அடுப்பில் சோறு கொதிக்கையில் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகால்களைத் தூக்கி இறக்கினாள். தபாலாபீஸ் கவுண்டரில் ஆள் வராத நேரம், மேசைக்கடியில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்விரல்களால் துண்டைச் சுருட்டினாள். சலிப்பான வேலை. ஒருவரும் கைதட்டாத வேலை. மழை நாட்களில் கட்டிலைவிட்டு எழ மனசு வராது. அன்றைக்கும் எழுந்து, குதிகாலை மட்டும் தூக்கி இறக்கிவிட்டு மறுபடி படுத்துக்கொள்வாள்.

அப்படிச் சேர்த்த கால் இது.

இன்னொரு முறை குத்தியது.

முன்னால் தண்ணீர்ப் பந்தல். பள்ளிக்கூடத்து பேண்டு வாசித்துக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் நின்று கைதட்டினார்கள். அத்தனை கைகளுக்கு நடுவே நிற்க முடியவில்லை. தாண்டி ஓடினாள்.

சத்தம் தேய்ந்தது. ஓட்டத்தைக் குறைத்தாள்.

பிசியோதெரபிக்குப் போனபோது அங்கிருந்த பெண் சொல்லியிருந்தாள். "பரவலா வலிச்சா தசை, அக்கா. ஒத்த விரல வச்சுக் காட்ட முடிஞ்சா எலும்பு. அன்னைக்கி நின்னுருங்க."

ரோட்டோரம் ஒதுங்கினாள். குனிந்து விரலை வைத்தாள்.

ஒரே புள்ளி.

கால்கள் இன்னும் ஓடக் கேட்டன.

நின்றாள்.

பின்னால் வந்தவர்கள் கடந்து போனார்கள். ஒருவர் திரும்பி, வா என்று கையசைத்தார். அவளும் கையசைத்தாள், போங்கள் என்று.

அழுகை வரும் என்று காத்திருந்தாள்.

வரவில்லை. தோள்கள் இரண்டும் தாமாக இறங்கின. வயிற்றுக்குள்ளிருந்து நீளமாக ஒரு மூச்சு வெளியே போனது. எத்தனை நாளாக அதை உள்ளே வைத்திருந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பாத்தியில் கிடந்த தண்ணீரில் வானம் வெளுத்துக்கிடந்தது. ஓடும்போது அதைப் பார்த்திருக்கவில்லை.

பாதியில் நின்றவர்களை ஏற்றிக்கொண்டு வேன் வந்தது. உள்ளே தொடையைப் பிடித்தபடி ஒரு நரைத்த மனிதர். அவளுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

"உங்களுக்கு எங்கேம்மா அடி?"

"இன்னும் படல, அண்ணாச்சி."

அவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு சிரித்தார். தொடையைத் தேய்த்துக்கொண்டே இறங்கும்வரை சிரித்துக்கொண்டிருந்தார்.

மைதான வாசலில் வேன் இறக்கிவிட்டது. நடந்தாள். நடக்கையில் வலியே இல்லை. முடிவுக் கோட்டருகே குடும்பங்கள் முண்டியடித்து, பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. அந்தக் கூட்டத்தில் கணவனைத் தேடினாள். காணோம்.

அவன் முதலுதவிக் கூடாரத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். காரையும் அங்கேயே கொண்டுவந்து நிறுத்தியிருந்தான்.

அவளைக் கண்டதும் முகத்தைப் பார்க்கவில்லை. கால்களைத்தான் பார்த்தான். அவள் கிட்டே வந்து சேரும்வரை ஒவ்வொரு எட்டாகப் பார்த்தான்.

"நடந்தா வார?"

"நடந்துதான்."

தலையை ஆட்டினான். கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை அவளிடம் நீட்டினான். பிறகு, திறந்து கொடுக்கவில்லை என்று நினைவு வந்து, வாங்கித் திறந்து கொடுத்தான்.

பின்சீட்டில் மகள் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

அவள் முன்கதவைத் திறந்தாள்.

சீட்டு கடைசிவரை பின்னால் தள்ளப்பட்டிருந்தது.

கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த மாதங்களில் அப்படித்தான் தள்ளி வைத்திருப்பான். இன்று விடிகாலையில் அவளை இங்கே கொண்டுவந்தபோது சீட்டு வழக்கமான இடத்தில் இருந்தது. அவள் ஓடப் போன பிறகு தள்ளியிருக்கிறான்.

அவன் மறுபக்கம் ஏறி உட்கார்ந்து, கண்ணாடிக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் உட்கார்ந்தாள். குனிந்து, சீட்டுக்கு அடியிலிருந்த கம்பியைத் தூக்கினாள்.

இரண்டு கால்களையும் ஊன்றி, சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள்.