பலகையின் முதுகுப்பக்கம்

ஒரு காவல் நிலையச் சுவரில் மனித உரிமைப் பலகை ஒன்று, தலையைச் சற்று முன்னால் சாய்த்தபடி தொங்கியது. கைதானவரை அடிக்கக் கூடாது என்று தன் மேல் கொட்டை எழுத்தில் எழுதியிருப்பதில் அதற்கு ஏகப் பெருமை. மூலையில் நின்ற லத்தியைப் பார்த்து, "உன் காலமெல்லாம் மலையேறிப் போச்சுப்பா" என்று தினமும் சொல்லும். லத்தியும் பணிவாக, "ஆமாண்ணே" என்று கேட்டுக்கொள்ளும்.

ஒருநாள் மனித உரிமை ஆணையத்திலிருந்து அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. ஏட்டு பதறிப்போய், லாக்கப்பில் கிடந்த ஆட்டோக்காரர் செல்லையாவுக்கு முழுக்கைச் சட்டை மாட்டிவிட்டார். லத்தியை எங்கே வைப்பதென்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பலகைக்கும் சுவருக்கும் நடுவே செருகினார்.

அதிகாரி பலகையை ஒரு வரி விடாமல் படித்தார். "ஸ்டேஷன்னா இப்படித்தான் இருக்கணும்" என்று பாராட்டிவிட்டு, டீ குடித்துக் கிளம்பினார்.

பலகைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "கேட்டியா, என்னைத்தான் சொல்லிட்டுப் போறார்."

"கேட்டேண்ணே" என்றது லத்தி முதுகுப்பக்கமிருந்து. "மூலையில நிக்கும்போது யாராச்சும் பார்த்துருவாங்களோன்னு பயமா இருக்கும். இனிமே உங்க பின்னாடியே இருந்துக்கிறேன்."

ஏட்டு வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து, பலகைக்குப் பின்னால் கையை விட்டார்.